பொங்கல் விழாவுக்குச் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள், அடுத்த வாரமே மீள்பார்வை வாரம்

சிப்புட்_பெண்:

வணக்கம். எனக்கு ஊர் சுங்கை சிப்புட். கோலாலம்பூரில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல், முதலாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். வீட்டில் யாரையும் கேட்க முடியாததால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் வளாகத்து இந்திய மாணவர் கழகம் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விழா நடத்துகிறது. திடலில் விடுதிக்கு ஒரு பானை. எந்தப் பானை முதலில் பொங்குகிறதோ அந்த விடுதிக்கு அந்த ஆண்டு முழுக்கப் பெருமை. தீபாவளி இரவுக்குக் கோலம் போட உதவினேன். "நேர்த்தியான கை" என்று பாராட்டினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். இப்போது "நீதான் பொங்கல் விழாச் செயலாளர்" என்கிறார்கள் இரண்டாம் ஆண்டு அக்காக்கள். பதிவு வாரத்தில் எனக்குச் சோறு வாங்கிக் கொடுத்து, வகுப்பறை எது, பஸ் எது என்று காட்டியவர்கள் அவர்கள்தான். மறுக்க வாய் வரவில்லை.

விழா 14ஆம் வாரம். அதற்கடுத்தது மீள்பார்வை வாரம், பிறகு தேர்வு. செயலாளர் பதவிக்கு விடுதிப் புள்ளி நிறையக் கிடைக்குமாம், அது இருந்தால் அடுத்த ஆண்டும் விடுதியில் அறை உறுதியாம். அப்பாவோ ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசும்போதும் "முதல் வகுப்பு வாங்கினால் பி.டி.பி.டி.என். கல்விக் கடனைக் கட்ட வேண்டாம், நினைவிருக்கிறதா?" என்கிறார். ஏற்பதா, தட்டிக்கழிப்பதா?

மூன்றாம்_மாடி:

ஏற்றுக்கொள். படிப்பு எங்கே ஓடிவிடப் போகிறது? நான் இரண்டாம் ஆண்டு. கழகத்தில் சேராமல் அறையிலேயே கிடந்தவர்களுக்கு இன்றுவரை என் பெயர்கூடத் தெரியாது.

செந்தூல்_அக்கா:

உன் பெயர் தெரியாததால் அவர்களுக்கு என்ன நட்டம் வந்துவிட்டது, தம்பி?

தங்கச்சி, பொங்கலுக்குப் போ. அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து கண் எரிய ஊது. செயலாளர் பதவியை மட்டும் இந்த ஆண்டு எடுக்காதே.

விழா என்பது ஒரு காலைப்பொழுது, அது யாருடைய படிப்பையும் கெடுத்ததில்லை. கெடுப்பது அதற்கு முன்னும் பின்னும் வரும் காகிதம். எந்த வளாகமானாலும் மாணவர் விவகாரப் பிரிவுக்குக் கெர்தாஸ் கெர்ஜா, அதாவது நிகழ்ச்சிக்கான முன்மொழிவு, எழுத வேண்டும். நோக்கம், நிகழ்ச்சி நிரல், செலவுக் கணக்கு, குழுவினர் பட்டியல், ஆலோசகர் கையொப்பம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். திடலுக்கு ஒரு கடிதம், அடுப்பு மூட்ட ஒரு கடிதம், மேசை நாற்காலிக்கு ஒரு கடிதம், அத்தனையும் மலாய்மொழியில். விழா முடிந்து எல்லாரும் கரும்பைக் கடித்துக்கொண்டு அறைக்குப் போன பிறகு, ரசீதுகளை ஒட்டிப் படங்களைச் சேர்த்து அறிக்கை கொடுப்பதும் செயலாளர்தான். அது வந்து விழுவது சரியாக உன் மீள்பார்வை வாரத்தில். அக்காக்கள் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர்கள்மேல் வருத்தப்படாதே. போன வருடம் யாரோ ஒருத்தி அதைச் செய்து அலுத்துப்போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கோலக் குழுவில் இருந்தேன், அதில் மட்டும்தான் இருந்தேன். அரிசியில் சாயம் கலந்து, விடுதி நடையில் பழைய நாளிதழை விரித்து, மின்விசிறிக்குக் கீழே பரப்புவோம். சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் காய்ந்துவிடும். நாங்கள் கலக்கும் பச்சை மட்டும் எப்போதும் அடம்பிடிக்கும். ஈரத்தோடு அள்ளிப் போட்டால் பக்கத்து மஞ்சளோடு ஒட்டிக்கொண்டு மயில் தோகை சேறாகிவிடும். ஆகவே இரவு முழுக்க ஒருத்தி உட்கார்ந்து விரலால் கிளறிக்கொண்டே இருப்பாள், மடியில் விரிவுரைக் குறிப்பு. விரலிடுக்கில் ஏறிய நீலம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பயிற்சி வகுப்பில் கை தூக்கினால் விரிவுரையாளரே "கோலம் முடிந்ததா?" என்று கேட்பார். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது இதுதான்: கோலம் முடிந்தால் வேலையும் முடிந்தது. மயில் தோகைக்கு யாரும் அறிக்கை கேட்பதில்லை.

அதனால் எதைக் கொடுத்தாலும் முதலில் "இது எந்தத் தேதியில் முடியும்?" என்று கேள். தேதி சொன்னால் யோசி. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் விலகிக்கொள். தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயில் ரதத்தோடு பத்துமலைக்கு நடக்க நண்பர்கள் கூப்பிடுவார்கள். தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தாராளமாகப் போ. நடந்தால் விடியும், விடிந்தால் முடியும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டியும் அந்த வகைதான். மாணவர் பிரிவு தனியாக உண்டு, வேறு பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் எழுதலாம். உன் நேரத்தில் எழுது, முடிவு நாளுக்குள் அனுப்பு, எந்தக் கூட்டத்துக்கும் போக வேண்டாம். வளாக வாழ்க்கை என்றாலே கூட்டத்தில் உட்காருவது என்று நம்மவர்கள் எப்போது முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

கெப்போங்_ஓய்வாசிரியர்:

மகளே, கணக்கியல் படிக்கிறாய், கணக்காகவே சொல்கிறேன். நான்காண்டுப் படிப்பு, எட்டுத் தவணை, எல்லாத் தவணையிலும் ஒரே அளவு கிரெடிட் என்று வைத்துக்கொள். முதல் வகுப்புக்கு வேண்டிய மொத்தச் சராசரிப் புள்ளி (4.00க்கு) பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், பேச்சுக்கு 3.67 என்போம். முதல் தவணையில் 3.00 வாங்கினால், மீதி ஏழு தவணையிலும் சராசரி 3.77 எடுக்க வேண்டும். முதலில் 3.50 என்றால் 3.70 போதும். அந்த இடைவெளி காகிதத்தில் சிறியது. மூன்றாம் ஆண்டில் தணிக்கையும் வரிவிதிப்பும் சேர்ந்து வரும்போதுதான் அதன் பாரம் தெரியும்.

பி.டி.பி.டி.என். பற்றி அப்பா சொல்வது பொதுவாகச் சரி. ஆனால் முதல் வகுப்பு வந்ததும் விலக்கு தானாக வந்து சேராது. அப்போதைய நிபந்தனைகளைப் பார்த்து, குறித்த காலத்துக்குள் படிப்பை முடித்து, முறையாக விண்ணப்பிக்க வேண்டும். இதையும் அவரிடம் சொல்லிவை.

ஆனால் செந்தூல் அம்மையார் விடுதிப் புள்ளியைத் தொடவே இல்லையே? கோலாலம்பூரில் வெளியே அறை எடுத்தால் வாடகை, முன்பணம், பஸ் செலவு என்று போய்க்கொண்டே இருக்கும். சிப்புட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு அது சின்ன விஷயமா? பொதுவாகப் பங்கேற்பவரைவிடப் பொறுப்பில் இருப்பவருக்குப் புள்ளி அதிகம்.

செந்தூல்_அக்கா:

ஐயா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். புள்ளி வேண்டும். அதைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில்தான் சம்பாதிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இரண்டாம் தவணையில் விளையாட்டுப் போட்டி, சமூகச் சேவை என்று எத்தனையோ வரும். தவணையின் நாலாவது ஐந்தாவது வாரத்தில் முடியும் ஒன்றில் பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும்.

சிப்புட்_பெண்:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. அக்காக்கள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாமா?

செந்தூல்_அக்கா:

குழுவில் போடாதே. நாற்பது பேர் பார்க்க மறுத்தால் அவர்களுக்கு முகம் சுண்டிவிடும். தலைவியை மட்டும் பார்த்து, ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துச் சொல். வெறுங்கையோடு மறுக்காதே: "செயலாளர் வேண்டாம் அக்கா, கோலம் முழுக்க என் பொறுப்பு. 13ஆம் வாரம் வெள்ளிக்கிழமைக்குள் அரிசியெல்லாம் சாயமேற்றித் தந்துவிடுகிறேன். விழாவன்று காலையில் ஆட்களோடு வந்து போட்டு முடித்துவிடுவேன்." தேதியோடு சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அந்தக் காகித வேலைக்கு மாணவர் விவகாரப் பிரிவின் கதவைத் தட்டிப் பழகிய இரண்டாம் ஆண்டுக்காரர் ஒருவரைப் பிடிக்கச் சொல். மேலே ஒருவர் ஆர்வமாக இருக்கிறாரே.

மூன்றாம்_மாடி:

அக்கா, நான் வேறு பல்கலைக்கழகம்.

சிப்புட்_பெண்:

நாளை மாலை தலைவியைப் பார்க்கிறேன். விடுதிப் பொறுப்பில் இருக்கும் ஃபெலோவிடம் கேட்டேன், கோலம் போன்ற ஒரு பகுதிக்குப் பொறுப்பாளர் என்று பெயர் போட்டால் அதற்கும் புள்ளி உண்டாம். ஆனால் கெர்தாஸ் கெர்ஜாவின் குழுப் பட்டியலில் என் பெயர் இருக்க வேண்டுமாம். அதை இப்போதே எழுதச் சொல்லிவிடுகிறேன்.