நீதிபதிக்கு ஓட்டுப் போடுவது எப்படி? (அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், ஏப்ரல் 1)

ஏரிக்கரை | 2025 மார்ச் 19

வணக்கம். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. நவம்பரில் அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டேன், அதில் குழப்பம் எதுவும் இல்லை. இப்போது ஏப்ரல் 1 அன்று மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். மேடிசன் இருக்கிற டேன் கவுன்டியின் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நீதிபதி சூசன் கிராஃபோர்ட், எங்களுக்குப் பக்கத்து வாக்கிஷா கவுன்டியின் நீதிபதி பிராட் ஷிமல், இருவரும் போட்டி. மாதிரி வாக்குச்சீட்டைப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் கட்சியும் இல்லை, சின்னமும் இல்லை.

வீட்டுக்கு வரும் துண்டறிக்கைகளுக்கோ குறைவே இல்லை. நேற்று எண்ணினேன், 23. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அம்மா அதை விரித்துப் போட்டுத்தான் சின்ன வெங்காயம் உரிக்கிறார். வழவழப்பான தாள், ஈரம் இறங்குவதில்லை. "ஏண்டா, ஜட்ஜுக்கு எதுக்கு ஓட்டு? தோத்தவன் கேஸு அவர்கிட்டயே வந்தா என்ன பண்ணுவார்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

என் சிக்கல் வேறு. ஜனவரியில் ஜூரி கடமைக்கு (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார) அழைப்பு வந்து, மில்வாக்கி கவுன்டி நீதிமன்றத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். அந்த நீதிபதி (இந்தத் தேர்தலில் இல்லாதவர்) மூன்று நாளும் தன் மனதில் இருப்பதை முகத்தில்கூடக் காட்டவில்லை. சாட்சி சொன்ன ஒரு கிழவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் இவரே திரும்பச் சொன்னார், அலுத்துக்கொள்ளாமல். எனக்குத் தெரிந்த நீதிபதி என்றால் அவர்தான். ஆனால் டிவியைப் போட்டால் ஒருவர் குற்றவாளிக்குக் குறைந்த தண்டனை கொடுத்தார், இன்னொருவர் பாலியல் வன்கொடுமை வழக்கின் மருத்துவ மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பாமல் வைத்திருந்தார் என்று மாறி மாறி விளம்பரம். இதை வைத்து எப்படி முடிவு செய்வது? நீங்கள் எல்லாம் எதைப் பார்த்துப் போடுகிறீர்கள்?

தேர்தல்மேசை | மார்ச் 19

மேடிசனில் ஏழு வருடமாக வாக்குச்சாவடியில் உட்காருகிறேன். அங்கே உட்கார்ந்தால் இதைப் பற்றிப் பேசக் கூடாது, இங்கே பேசலாம்.

முதலில் சீட்டில் கட்சி இல்லாததைப் பற்றி. சட்டப்படி இது கட்சி சாராத தேர்தல், அவ்வளவுதான். கிராஃபோர்டுக்கு ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வேலை செய்கிறார்கள், ஷிமலுக்குக் குடியரசுக் கட்சிக்காரர்கள். ஷிமல் 2015 முதல் 2019 வரை மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்), அந்தக் கட்சி வேட்பாளராக ஜெயித்தவர்தான். கிராஃபோர்ட் ஜிம் டாயில் ஆளுநராக இருந்தபோது அவருக்குச் சட்ட ஆலோசகர். இருவரும் அரசியலில் கால் நனைத்துவிட்டு நாற்காலிக்கு வந்தவர்கள்.

ஏன் இவ்வளவு பணம் கொட்டுகிறார்கள் என்று கேட்டீர்கள் என்றால்: நீதிமன்றத்தில் ஏழு பேர். இப்போது நான்குக்கு மூன்று என்று தாராளவாதிகள் பக்கம். 30 வருடம் இருந்த ஆன் வால்ஷ் பிராட்லி விலகுகிறார், அவரும் அந்த நால்வரில் ஒருவர். ஷிமல் வந்தால் தராசு பழமைவாதிகள் பக்கம் சாயும். கருக்கலைப்பு பற்றிய 1849-ஆம் வருடச் சட்டம் இன்றைக்கும் செல்லுமா என்ற வழக்கு அங்கேதான் கிடக்கிறது. சட்டமன்றத் தொகுதி வரைபடத்தை 2023 டிசம்பரில் ரத்து செய்ததும் இவர்களே. பதவிக்காலம் 10 வருடம். 2023-இல் மில்வாக்கி கவுன்டி நீதிபதி ஜேனட் புரோட்டசேவிச் இதே மாதிரி கீழ்க்கோர்ட்டிலிருந்து நின்று ஜெயித்தபோது இரு தரப்பும் சேர்த்து 5 கோடி டாலருக்கு மேல் செலவு. இந்தத் தடவை அதையும் தாண்டப்போகிறது, ஷிமலுக்காக எலான் மஸ்க் வேறு இறங்கியிருக்கிறார்.

விளம்பரத்தை விடுங்கள். மார்ச் 12 அன்று மார்க்கெட் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள், முழுக் காணொளி கிடைக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். யார் என்ன சொன்னார் என்பதைவிட, பிடிக்காத கேள்வி வரும்போது எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். நீங்கள் ஜூரியில் பார்த்த அந்தக் குணம் கொஞ்சமாவது தெரியும்.

கறுப்புக்கோட்டு | மார்ச் 20

மதுரையில் வக்கீல். உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி நிறுவனத் தலைவர், தன் நிறுவனத்தின் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும் சமயத்தில், மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக 30 லட்சம் டாலர் செலவழித்தார். அந்த வேட்பாளர் ஜெயித்தார். வழக்கு வந்தது, விலக மறுத்தார், நிறுவனத்துக்குச் சாதகமாக ஓட்டும் போட்டார். 2009-இல் ஐந்துக்கு நான்கு என்று, அவர் விலகியிருக்க வேண்டும் எனத் தீர்ப்பு. ஐந்துக்கு நான்கு என்பதைக் கவனியுங்கள். இதுகூட அங்கே ஒருமனதாக இல்லை. அடுத்த வருடமே உங்கள் விஸ்கான்சின் நீதிமன்றம், நன்கொடை வந்தது என்பதற்காக மட்டும் நீதிபதி விலக வேண்டியதில்லை என்று விதியே போட்டுக்கொண்டது!

சிரிக்க வேண்டாம், எங்கள் கதையும் அப்படி ஒன்றும் மெச்சும்படி இல்லை. இங்கே ஓட்டே கிடையாது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் இருவரும் பெயர் அனுப்புவார்கள், டெல்லியில் உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் பார்க்கும், அரசு கோப்பை வைத்துக்கொண்டு உட்காரும். 2017 வரை தீர்மானங்களை வெளியிடக்கூட இல்லை. மாவட்ட நீதிபதியாக முடி நரைத்தவர் மேலே வரும்போது 62 வயதுக்கு நாலைந்து வருடம் பாக்கி இருக்கும், அதற்குள் ஓய்வு. எங்களுக்கு ஓட்டு இருக்கும் ஒரே இடம் வழக்கறிஞர் சங்கத் தேர்தல். அந்தப் பிரியாணிச் செலவைப் பார்த்தவன் நீதிபதிக்குத் தேர்தல் கேட்கவே மாட்டான்.

ஒன்று சொல்கிறேன், ஏரிக்கரை சார். நீங்கள் பார்த்தது விசாரணை நீதிமன்றம். சாட்சியைக் கேட்பது, பொறுமை, தண்டனை எவ்வளவு என்பது, இதெல்லாம் அங்கே. உச்ச நீதிமன்றத்தில் சாட்சியே கிடையாது. சட்டத்துக்கு என்ன பொருள் என்று ஏழு பேர் வாதாடித் தீர்மானிக்கும் இடம். கிழவருக்குக் கேள்வியைத் திரும்பச் சொல்லும் நல்ல மனசு அங்கே எழுத்தில் தெரியுமா என்பதுதான் சந்தேகம்.

ராலேவாசி | மார்ச் 21

வட கரோலினாவில் போன நவம்பரில் ஓட்டுப் போட்டோம், இன்னும் முடிவு இல்லை. இங்கே சீட்டிலேயே கட்சி பெயர் உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஜெஃபர்சன் கிரிஃபின் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நின்றார். ஏற்கெனவே அங்கே இருக்கும் அலிசன் ரிக்ஸிடம் 734 ஓட்டில் தோல்வி. இரண்டு தடவை மறுபடி எண்ணியும் அதே. 65,000-க்கு மேற்பட்ட ஓட்டுகள் செல்லாது என்று வழக்குப் போட்டிருக்கிறார். அந்த வழக்கு இப்போது எங்கே தெரியுமா? அவர் வேலை பார்க்கும் அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில். அவர் விலகிக்கொண்டார், சரி. அம்மாவின் கேள்வியை இங்கேயும் கொண்டுவந்து கேளுங்கள்.

ஏரிக்கரை | ஏப்ரல் 2

எல்லோருக்கும் நன்றி. விவாதத்தை இரண்டு தடவை பார்த்தேன். தேர்தல்மேசை சொன்ன மாதிரி கையையும் முகத்தையும் கவனித்தேன், பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் கறுப்புக்கோட்டு சொன்னதை வைத்துத்தான் முடிவு செய்தேன். மனுஷர் எப்படி என்பதை விட்டுவிட்டு, அந்த 1849 சட்டத்தை இருவரும் எப்படிப் படிப்பார்கள் என்று பார்த்தேன். யாருக்குப் போட்டேன் என்று சொல்லப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிரீன் பே கூட்டத்தில் மஸ்க் இருவருக்குத் தலா 10 லட்சம் டாலர் காசோலை கொடுத்ததைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தடுக்கச் சொல்லி மாநிலத்தின் இப்போதைய அட்டர்னி ஜெனரல் கடைசியாகப் போனது எந்த நீதிமன்றத்துக்கு? யாருக்கு இடம் என்று தேர்தல் நடக்கிறதோ அதே உச்ச நீதிமன்றத்துக்கு. கேட்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

நேற்று வாவடோசாவில் 40 நிமிடம் வரிசை. அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சீட்டில் வட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்பி இயந்திரத்துக்குள் விட்டால் முடிந்தது. மில்வாக்கி நகரில் ஏழு இடங்களில் சீட்டே தீர்ந்துபோனதாம், அவ்வளவு கூட்டம். கிராஃபோர்ட் ஏறக்குறைய 55 சதவீதம், ஷிமல் 45. செலவு 10 கோடி டாலரை ஒட்டி என்கிறார்கள்.

இன்று காலை தபால்பெட்டியில் மின்சாரக் கட்டணம் மட்டும் வந்தது. "அந்தத் தாள் வரலையா?" என்று அம்மா கேட்டார், கால் கிலோ வெங்காயம் பாக்கி இருக்கிறது. அடுத்த ஏப்ரலில் இன்னொரு இடத்துக்குத் தேர்தல் என்று இன்னும் சொல்லவில்லை.