மூன்று மாத இடுப்பு வலி, அக்குபஞ்சர் செய்து பார்க்கலாமா? (ரங்கூன்)

உளுந்துக்கணக்கு:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 43, பயின்னவுங் சந்தையில் ஒரு உளுந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று மாதமாக இடுப்பில் வலது பக்கம் வலி. காலையில் எழுந்ததும் குனிந்து முகம் கழுவ முடியவில்லை, பத்து நிமிடம் நடந்தால் கொஞ்சம் இளகுகிறது, அப்புறம் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறிய அன்றுதான் ஆரம்பித்தது. வலி மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. லத்தா சீனத் தெருவில் அக்குபஞ்சர் செய்கிற ஒருவரிடம் போகச் சொல்கிறாள் என் மனைவி. பலன் இருக்குமா? இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் வாங்கினேன், நாள் முழுக்கக் கட்டிக்கொள்ளலாமா?

தாம்வே அக்கா:
தம்பி, இரண்டு வருஷம் முன்னால் எனக்கும் இதே கதைதான். குப்புறப் படுக்கவைத்து முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், முழங்காலுக்குப் பின்னால் மடிப்பிலும் ஊசி வைத்தார்கள், அந்த மடிப்புப் புள்ளிக்கு வெய்சோங் என்று பெயர், இடுப்பு வலிக்கு அதைத்தான் முதலில் தேடுவார்களாம். குத்தும்போது எறும்பு கடிக்கிற மாதிரிதான், அப்புறம் உள்ளே ஒரு கனமும் மதமதப்பும் வரும், பயப்படாதீர்கள். அரை மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். எனக்கு முதல் இரண்டு தடவை ஒன்றும் தெரியவில்லை, நாலாவது தடவைக்குப் பிறகு இரவில் புரண்டு படுக்க முடிந்தது.

ஒன்றே ஒன்று கேளுங்கள். நான் முதலில் போன இடத்தில் ஒரு தட்டில் திறந்து வைத்திருந்த ஊசியை எடுத்தார்கள், எழுந்து வந்துவிட்டேன். உங்கள் கண் முன்னால் உறையைக் கிழித்து எடுக்கிற புது ஊசியாக இருக்க வேண்டும், இதில் மட்டும் கூச்சப்படவே கூடாது, சில வகை மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஊசி வழியாகச் சுலபமாகப் பரவும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

மோல்மேன் பிசியோ:
அண்ணா, நான் பிசியோதெரபி வேலையில் இருக்கிறேன், உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஜெர்மனியில் 1,162 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அக்குபஞ்சர் செய்துகொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், மாத்திரையும் உடற்பயிற்சியுமாக வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4 சதவீதம்தான். ஆனால் புள்ளி அல்லாத இடத்தில் மேலாகக் குத்தப்பட்டவர்களிலும் 44.2 சதவீதம் பேருக்கு முன்னேற்றம்! அதனால் புள்ளிதான் வேலை செய்கிறது என்று என்னால் சொல்ல முடியாது, நிவாரணம் கிடைத்தது என்பது மட்டும் உண்மை. இங்கிலாந்தின் 2016 வழிகாட்டுதல் அக்குபஞ்சர் வேண்டாம் என்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2023-இல் நாள்பட்ட இடுப்பு வலிக்குச் செய்து பார்க்கலாம் என்றது. பெல்ட்டை அவர்களே பரிந்துரைக்கவில்லை, கழற்றி வையுங்கள்.

போவதானால் ஆறு முதல் பத்து தடவை போய்ப் பாருங்கள், ஆறாவதிலும் மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடலாம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவது உண்டா? நம் நாட்டில் காசநோய் அதிகம், அது முதுகெலும்பிலும் வரும், இடுப்பு வலி என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் பலமிழந்தாலோ, தொடைகளுக்கு நடுவில் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காண்டாஜி நடையன்:
தைலம் என்றதும் ஞாபகம் வந்தது, டைகர் பாம் குடும்பத்தின் மருந்துக் கடை 1870-களில் நம் ரங்கூனில்தான் தொடங்கியது. தேய்த்தால் சூடாக இருக்கும், சுகமாகவும் இருக்கும், ஆனால் எனக்கு வலியைக் குறைத்தது நடைதான். தினமும் காலையில் ஏரியைச் சுற்றி அரை மணி நேரம். படுத்தே கிடந்த இரண்டு வாரத்தில் எனக்கு மோசமாகத்தான் ஆனது. இரவில் வெந்நீர்ப் பை கால் மணி நேரம், ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை. டீக்கடைக் குட்டி ஸ்டூலில் மணிக்கணக்காக உட்காராதீர்கள் தம்பி, முழங்கால் இடுப்புக்கு மேலே போய் முதுகு வளைந்துவிடும். தண்ணீரை 5 லிட்டர் பாட்டிலாக வாங்கி இரண்டு கையிலும் சமமாகத் தூக்குங்கள்.

உளுந்துக்கணக்கு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காய்ச்சல், எடை குறைவு, மரப்பு எதுவும் இல்லை, இருந்தாலும் மூன்று மாதம் ஆகிவிட்டதால் நாளை ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு, சனிக்கிழமை லத்தாவுக்குப் போகிறேன். கடையில் முக்காலியை மாற்றி உயரமான நாற்காலி கேட்டிருக்கிறேன், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து மூட்டைகளைச் சுற்றி வரவும் ஆரம்பித்துவிட்டேன். மோல்மேன் தம்பி, காலையில் படுக்கையிலேயே செய்கிற மாதிரி பயிற்சி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

மோல்மேன் பிசியோ:
மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை இரண்டு கையாலும் நெஞ்சுப் பக்கம் இழுத்து இருபது எண்ணுங்கள், பிறகு அடுத்த கால், பக்கத்துக்கு ஐந்து தடவை. அப்புறம் முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றி இடுப்பை மெதுவாக மேலே தூக்கி இறக்குங்கள், பத்து தடவை. வலி காலுக்கு இறங்கினால் அத்தோடு நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.