மேற்குச் சுவரில் பூச்சு புடைச்சு நிக்குது: முழுசா கொத்தணுமா, ஒட்டுப் போட்டா போதுமா?

சத்துவாச்சாரி_வீடு:
வீடு கட்டி 14 வருஷம் ஆகுது. செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, மேல எக்ஸ்டீரியர் எமல்ஷன். மேற்குப் பக்கம் மாடிச் சுவரில் பீமுக்குக் கீழ நேர்கோடா ஒரு விரிசல் ஓடுது. அதை ஒட்டியும், ஜன்னல் சன்ஷேடுக்கு மேலயும் தட்டினா வெத்துச் சத்தம். எல்லாம் சேர்த்து 45 சதுர அடி வரும். ஐப்பசி மழையில் ஒரு சில்லு பெயர்ந்து வாசல் பக்கம் விழுந்தது. மேஸ்திரி சுவர் முழுக்கக் கொத்திடலாம்னு சொல்றார். பெயின்ட் காண்ட்ராக்டர் விரிசலில் புட்டி அடைச்சு ரெண்டு கோட் அடிச்சா போதும்ங்கிறார். பொங்கல் கழிச்சு வேலை வைக்கலாம்னு இருக்கேன். எதைக் கேட்கிறது? பொருள் எவ்வளவு வாங்கணும்?

ரசமட்டம்:
ரெண்டு பேர் சொல்றதும் வேண்டாம். வெத்துச் சத்தம் வந்தா பூச்சு கல்லை விட்டு விலகிடுச்சுன்னு அர்த்தம். மேல என்ன தடவினாலும் உள்ளே ஒட்டாது. அதே நேரம் நல்லா பிடிச்சிருக்கிற பூச்சை உடைக்கிறது வீண் செலவு, சுத்தியல் அதிர்வில் செங்கல் ஓரமும் உடையும்.

முதல்ல எல்லை கண்டுபிடிங்க. சின்ன மரச்சுத்தியால் அரை அடிக்கு ஒரு தட்டு. சத்தம் மாறுற இடத்தில் சாக்பீஸ் கோடு. உள்ளங்கை அளவு மட்டும் வெத்தா இருந்து, விரிசலும் இல்லை, அழுத்தினா ஆடவும் இல்லைன்னா தரைத்தளத்தில் அதை அப்படியே விடலாம். ஆனா ஆள் நடக்கிற இடத்துக்கு மேல இருந்தா எவ்வளவு சின்னதா இருந்தாலும் எடுத்துடணும்.

அடுத்தது காரணம். பீமுக்குக் கீழ நேர்கோடுன்னா அது கான்கிரீட்டும் செங்கலும் சேருற இடம். வேலூர் வெயிலில் ரெண்டும் ஒரே அளவு விரியாது, அதிலும் மேற்குச் சுவர் சாயங்காலம் வரைக்கும் காயுது. பூசும்போது அங்க கோழிவலை வைக்காம விட்டிருப்பாங்க. சன்ஷேடுக்கு மேல வர்றது வேற கதை. சன்ஷேடு மேல்பக்கம் வாட்டம் இல்லாம தண்ணி நின்னு சுவருக்குள்ள போகுதான்னு பாருங்க. கைப்பிடிச் சுவர் தலையில் விரிசல் இருந்தாலும் தண்ணி பூச்சுக்குப் பின்னாடியே இறங்கும். இதை அடைக்காம பூசினா ரெண்டு மழையில் மறுபடி புடைக்கும்.

தூக்குக்குண்டு:
வேலை முறை சொல்றேன்.

கோட்டுக்கு வெளியே 2, 3 இஞ்ச் நல்ல பூச்சையும் சேர்த்துச் சதுரமா கட்டிங் மெஷினால் அறுத்துடுங்க. பிளேடு பூச்சுக் கனத்துக்கு மேல போகக் கூடாது, செங்கல்லைத் தொடக் கூடாது. அறுக்காம நேரா உளி வச்சு அடிச்சா அதிர்வு பக்கத்துக்குப் போய், 45 சதுர அடி 80 ஆகிடும். வெத்துப் பூச்சு கூட ஆள் மேல பலகையா விழும், அதனால் மேல இருந்து கீழ, துண்டு துண்டா எடுக்கணும்.

கல் தெரிஞ்சதும் ரெண்டு செங்கலுக்கு நடுவில் இருக்கிற சாந்தை 10 மி.மீ. ஆழம் சுரண்டி விடுங்க. கான்கிரீட் பீம் வழவழன்னு இருக்கும், அதை நெருக்கமா கொத்தி விடணும். கம்பி பிரஷ் போட்டுத் தூசி தட்டி, தண்ணி அடிச்சுக் கழுவுங்க. இங்கதான் பாதி வேலை கெட்டுப் போகுது. தூசி மேல சிமெண்ட் எவ்வளவு தூக்கலான கலவை வச்சாலும் நிக்காது.

வலை அரை இஞ்ச் கண், கால்வனைஸ் பண்ணது. பீமும் செங்கலும் சேருற கோட்டுக்கு மேல 6 இஞ்ச், கீழ 6 இஞ்ச். கான்கிரீட் ஆணி, வாஷர் போட்டு 9 இஞ்சுக்கு ஒண்ணு. வலை சுவரோட அப்படியே ஒட்டிப் படுக்கக் கூடாது, சாந்து பின்னாடி புகணும்.

முந்தின நாள் சாயங்காலமே சுவரை நனைச்சு வைங்க. காலையில் ஈரம் இருக்கணும், தண்ணி மினுங்கக் கூடாது. லேடெக்ஸ் (பிடிப்புக்காகச் சேர்க்கிற பால் மாதிரி திரவம்) கலந்த சிமெண்ட் பால் பிரஷ்ஷால் தடவி, அது பிசுபிசுன்னு இருக்கும்போதே சாந்தை அறையணும். கலக்குற அளவு டப்பாவில் இருக்கும். தடவின பால் காஞ்சுட்டா ஒட்டுறதுக்குப் பதிலா பிரிச்சு விடும். அதனால் ஒரு தடவை 10 சதுர அடிக்கு மேல தடவாதீங்க.

கலவை 1:5, அதாவது சிமெண்ட் ஒரு பங்கு, மணல் அஞ்சு பங்கு. 45 சதுர அடிக்கு 20 மி.மீ. கனம்னா சேதாரத்தோட முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவா சிமெண்ட், நாலரை கன அடி மணல். கான்கிரீட்டுக்குப் போடுற எம்-சாண்ட் வேண்டாம், பூச்சுக்குன்னு சலிச்ச பி-சாண்ட் கேளுங்க. வந்த லோடில் கண்ணாடி ஜாடியில் மூணில் ஒரு பங்கு மணல், மிச்சம் தண்ணி விட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் வைங்க. மேல பவுடர் தடிமனா படிஞ்சா திருப்பி அனுப்புங்க. அந்தத் தூள்தான் தண்ணியை இழுத்து வலை வலையா விரிசல் விடுது.

முதல் பூச்சு 12 மி.மீ., சீப்பு மாதிரிக் கோடு போட்டு விடணும். ரெண்டு மூணு நாள் நனைச்சு வச்சுட்டு மேல் பூச்சு 8 மி.மீ. மணியாசுக் கட்டையால் தேய்ச்சு முடிங்க. ஒரே அடியா 20 மி.மீ. அறைஞ்சா சொந்தக் கனத்திலேயே தொங்கி விலகும். தண்ணி கசியுதுன்னு வெறும் சிமெண்டைத் தூவித் தேய்க்க விடாதீங்க. நம்ம ஊர்ல இந்தப் பழக்கம் அதிகம், மேல் தோல் மட்டும் இறுகிச் சில்லு சில்லா உரியும். தண்ணி விட்ட கலவையை அரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்.

ஆற்காட்டான்:
உடைக்காமலே ஓட்டை போட்டு சிமெண்ட் பால் ஊத்தி அடைக்கலாம்னு சொல்றாங்களே?

தூக்குக்குண்டு:
பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில், பூச்சையே பாதுகாக்கணும்ங்கிற இடத்தில் சுண்ணாம்புப் பால் ஏத்துறது உண்டு. வீட்டுச் சிமெண்ட் பூச்சில் வேலைக்கு ஆகாது. விலகின இடுக்கில் தூசி நிறைஞ்சிருக்கும், பால் தூசியோட ஒட்டுமே தவிர கல்லோட ஒட்டாது. ஊத்துற கனத்தில் தொங்கிட்டிருக்கிற பூச்சு மொத்தமா வெளியே தள்ளிக்கிட்டு வரவும் வாய்ப்பு இருக்கு.

சத்துவாச்சாரி_வீடு:
நன்றி சார். தை மாசம் சரிதானே? எத்தனை நாள் தண்ணி விடணும்? இன்னொண்ணு, கீழ் சுவரில் தரையிலிருந்து ரெண்டரை அடி உயரம் வெள்ளையா உப்புப் பூத்துப் பூச்சு உதிருது. அதையும் இதோட சேர்த்துப் பூசிடலாமா?

ரசமட்டம்:
தை, மாசி நல்ல நேரம். சித்திரைக்குத் தள்ளிடாதீங்க, மேற்குச் சுவர்ல மதியம் அறைஞ்ச சாந்து இறுகுறதுக்குள்ள காஞ்சிடும். தை மாசத்திலும் மேற்குப் பக்க வேலையை வெயில் திரும்புறதுக்கு முன்னாடி முடிங்க. பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட்னா 10 நாள் ஈரம் காயாம இருக்கணும். மாடிச் சுவர்ல ஹோஸ் அடிச்சா ஓடிப் போயிடும், சாக்கு கட்டி நனைங்க. போர் தண்ணி உப்பா இருந்தா கலவைக்கும் நனைக்கவும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணிதான். பெயின்ட் 28 நாள் கழிச்சு.

சன்ஷேடு அடியில், முன் ஓரத்திலிருந்து ஒரு இஞ்ச் உள்ளே தள்ளி 10 மி.மீ. சொட்டுக்குழி (தண்ணி சுவருக்கு ஓடாம அங்கேயே சொட்ட ஒரு காடி) விடச் சொல்லுங்க. சாரம் நிக்கும்போதே கைப்பிடிச் சுவர் தலையையும் முடிச்சுடுங்க, அப்புறம் தனியா சாரம் கட்டினா அந்தக் கூலி வேற.

கீழ் சுவரைச் சேர்க்காதீங்க. அது ஓதம், கீழ இருந்து சுவருக்குள்ள ஏறுற ஈரம். வெளித்தரை மட்டம் வீட்டுக்குள்ள இருக்கிற தரையை விட மேல ஏறியிருக்கா, சுவரை ஒட்டிச் செடிக்குத் தண்ணி விடுறீங்களா, பாத்ரூம் பைப் கசியுதான்னு பாருங்க. தண்ணி வர்ற வழியை நிறுத்திட்டு, உதிர்ந்த பூச்சை உப்புக்கோட்டுக்கு மேல ஒரு அடி வரை எடுத்து, சுவரை வெறுங்கல்லா மாசக்கணக்கில் காய விடணும். வர்ற உப்பைக் காஞ்ச பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்க, கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ளே போகும். அப்புறமா 1:1:6 சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் பூச்சு. வாட்டர்புரூஃப் கலந்த கெட்டிப் பூச்சை அங்க போட்டா ஓதம் நிக்காது, அதுக்கு மேல ஏறி நாலடியில் உப்புப் பூக்கும்.