கேமராக் கைப்பிடியைச் சுற்றுவதற்கு ஒரு சொல்

அன்புடையீர்,

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ எடுத்த நடராஜ முதலியார் பற்றிய கட்டுரைக்காக, கைப்பிடியைச் சுற்றிப் படம்பிடிக்கும் செயலுக்கு ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். கும்பகோணத்து நண்பர் ‘முடுக்கல்’ என்கிறார். பம்புசெட்டு எஞ்சினுக்கு ஹேண்டில் போடுவதை மனத்தில் வைத்து அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஹேண்டிலைக் கழற்றி வைத்துவிடுகிறோம், அந்தக் கேமராவுக்கோ காட்சி முடியும்வரை கைதான் எஞ்சின். எனவே ‘சுற்றல்’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் படம்பிடிக்கக் கற்ற முதலியார், தம் 35 மி.மீ. வில்லியம்சன் கேமராவையும் பிரதியெடுக்கும் கருவியையும் தஞ்சாவூர் நிலக்கிழார் மூப்பனாரிடம் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். (இதை அடிக்குறிப்பில் ஒளித்துவிட வேண்டாம், தஞ்சைக்காரர்கள் கோபித்துக்கொள்வோம்.) புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில், வெயிலின் கடுமையைத் தணிக்க மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, ‘கீசக வதம்’ படத்தை நொடிக்கு 16 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்ற வேகத்தில் எடுத்தார். அக்காலக் கேமராக்களில் ஒரு சுற்றுக்கு 8 சட்டகங்கள் என்பதே பொது வழக்கு; ஆகவே நொடிக்கு இரண்டு சுற்று, ஃபிலிம் ஓடுவது ஓரடி. படத்தின் நீளம் 6,000 அடி என்பதால், திரையில் ஓடும் 100 நிமிடங்களுக்கும் யாரோ ஒருவர் சீராகச் சுற்றியிருக்க வேண்டும்.

மெதுவாகச் சுற்றினால் சட்டகங்கள் குறையும். வழக்கமான வேகத்தில் திரையிடும்போது ஆட்கள் விரைந்தோடுவார்கள். விரைந்து சுற்றினால் இதற்கு நேர்மாறு. இவற்றுக்கு முன்மொழியப்பட்ட ‘விரைவுப்படம்’, ‘மென்னகர்வு’ ஆகியவை திரையில் தெரியும் விளைவைச் சொல்கின்றன. அந்நாளில் படங்காட்டும் கருவியையும் பெரும்பாலும் ஒருவர் கையால்தான் சுற்றினார் என்பதால், அவ்விளைவு ஒளிப்பதிவாளர் ஒருவர் பொறுப்பன்று. அவரது கைத்தொழிலைக் குறிக்கக் ‘குறைசுற்றல்’, ‘மிகுசுற்றல்’ என்பவற்றை முன்மொழிகிறேன். இரண்டும் வினைத்தொகை ஆதலால் ‘ச்’ மிகாது. ‘மிகைச்சுற்றல்’ என்றால் ஒன்றில் மட்டும் ஒற்று வந்து இணை கெடும்.

‘சுற்று’ என்று நிறுத்தினால் போட்டிச் சுற்றோடு குழம்பும் என்ற மறுப்பு நியாயமானதே; அதனால்தான் ‘அல்’ விகுதி. கருவியின் பகுதிக்குக் ‘கைப்பிடி’ போதும், புதுச்சொல் தேவையில்லை.