பார்புடா மாதிரி குட்டித் தீவு: புயலுக்கு முன் ஆட்களைப் படகில் ஏற்றிவிடுவதா, வீட்டைப் பலப்படுத்துவதா?

உப்புக்காற்று:
கரீபியன் தீவான ஆண்டிகுவாவில் வேலை பார்க்கிறேன். ஜூன் பிறந்தாலே இங்கே பேச்செல்லாம் சூறாவளிதான். இதே நாட்டைச் சேர்ந்த பக்கத்துத் தீவு பார்புடாவை 2017 செப்டம்பர் 6 அதிகாலை இர்மா சூறாவளி அடித்தபோது காற்று மணிக்கு 285 கி.மீ. அங்கே ஊர் என்று இருப்பது கோட்ரிங்டன் ஒன்றுதான், அதுவும் நொறுங்கியது. ஒரு குழந்தை இறந்தது. அடுத்து ஹோசே புயல் வருகிறது என்றதும்தான் மொத்த ஜனத்தையும், சுமார் 1,600 பேரை, இங்கே கொண்டுவந்தார்கள். ஹோசே தள்ளிப் போய்விட்டது என்பது வேறு விஷயம். இர்மாவுக்கு முன்னாலேயே இதைச் செய்திருக்க வேண்டாமா? தட்டைத் தீவு, ஏறி ஒதுங்க மலைகூடக் கிடையாது. பிஸ்கட்டும் பேட்டரியும் வாங்கி அடுக்குவதையெல்லாம் முன்னேற்பாடு என்று சொல்லாதீர்கள்.

தச்சன்மகன்:
நான் இருப்பது பெர்முடாவில். நாங்கள் எங்கே ஓடுவது? பக்கத்து நிலமே ஆயிரம் கி.மீ. தள்ளி, அமெரிக்கக் கரையில். அதனால் வீட்டைத்தான் நம்புகிறோம். கூரைக்குச் சுண்ணாம்புக்கல் பலகை, அந்தக் கனத்தைக் காற்று லேசில் தூக்காது. கூரையில் விழும் மழைதான் அடித்தளத் தொட்டிக்குப் போய்க் குடிநீராகிறது. புயல் வருகிறது என்றால் முதல் வேலை, கூரையிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயை அடைப்பது. இல்லாவிட்டால் கடல் சாரல் கலந்து தொட்டித் தண்ணீரே உப்பாகிவிடும். 2014 அக்டோபரில் ஒரு வாரத்துக்குள் ஃபே, கொன்சாலோ என்று இரண்டு புயல் அடித்தன. இங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை. 2003 ஃபேபியன் புயலில் இறந்த நால்வரும் கடல்பாலச் சாலையில் வண்டியில் போனவர்கள். வீட்டுக்குள் இருந்த யாரும் சாகவில்லை.

உப்புக்காற்று:
கொன்சாலோ உங்கள் மேல் ஏறும்போது காற்று 175 கி.மீ. இர்மா 285. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். உங்கள் கல்கூரை அந்தப் பரீட்சையை இன்னும் எழுதவே இல்லை. தவிர, உங்களுடையது பணக்கார ஊர். மீன்பிடித்துப் பிழைக்கிறவன் கல்லுக்கு எங்கே போவான்?

கணக்குப்பிள்ளை:
கல் எதற்கு? தகரக் கூரையே போதும், ஆணிக்குப் பதில் திருகாணி போடுங்கள். கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்துக் கட்டுங்கள். கூரை நாலு பக்கமும் சரியட்டும். வராந்தாக் கூரையைத் தனியாக வையுங்கள், அது பிய்ந்தாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. கரீபியனில் எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார்.

அப்புறம், எப்போது ஏற்றுவீர்கள்? இர்மாவுக்கு எச்சரிக்கை வந்தது 4-ஆம் தேதி, அடித்தது 6-ஆம் தேதி அதிகாலை. அதற்குள் கடல் பொங்கிவிடும், படகு நின்றுவிடும். மூன்று நாள் முன்னாலேயே ஏற்றுவதென்றால், அப்போதைய கணிப்பில் சராசரியாக நூறு கி.மீ.க்கு மேல் பிழை இருக்கும். தீவின் நீளமே 25 கி.மீ.கூட இல்லை. நாலு தடவை வீணாக ஏற்றினால் ஐந்தாம் தடவை எவனும் படகில் ஏற மாட்டான்.

உப்புக்காற்று:
நாலு தடவை வீணாக ஏறினால் நாலு நாள் கூலி போகும். ஏறாமல் இருந்த ஒரு தடவை என்ன ஆனது என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

வேலிமுள்:
எல்லோரும் காற்றையே பேசுகிறீர்கள், நிலத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்புடாவில் நிலம் தனியார் சொத்தாக இருந்ததில்லை, ஊர்ப் பொதுவாகவே இருந்தது. 2007-ல் அதற்குச் சட்டமே போட்டார்கள். இர்மாவுக்குப் பிறகு ஜனம் ஆண்டிகுவாவில் கிடந்தபோதே பார்புடாவில் புது விமான தளத்துக்கு மண்ணைத் தோண்ட ஆரம்பித்துவிட்டது அரசு. நிலச் சட்டத்தையும் மாற்றினார்கள். விமான தளத்தை எதிர்த்த வழக்கு இந்த நாட்டுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், ‘இவர்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டு’ என்ற அளவுக்கு வரவே 2024 ஆகிவிட்டது. இதைப் பார்த்தவன் அடுத்த புயலுக்குப் படகு ஏறுவானா? பயத்தில்தான் வீட்டோடு ஒட்டிக்கொள்வான், கூரை நல்லதோ கெட்டதோ.

உப்புக்காற்று:
அந்தக் கோபம் நியாயம்தான். அதற்காகக் குழந்தைகளையும் கிழடுகளையும் 285 கி.மீ. காற்றில் விட முடியுமா? ‘இத்தனை நாளுக்குள் திருப்பிக் கொண்டுவிடுவோம், அதுவரை நிலத்தில் ஒரு செங்கல்கூட வைக்க மாட்டோம்’ என்று அரசு முன்கூட்டியே சட்டத்தில் எழுதிக் கொடுக்கட்டும். பிறகு ஏற்றட்டும்.

வேலிமுள்:
எழுதிக் கொடுக்கப்போவது யார்? 2007 சட்டத்தை மாற்றிய அதே நாடாளுமன்றம்தானே?