மீடியா சென்டர் பிசியிலிருந்து ஸ்ட்ரீமிங் பாக்ஸுக்கு: அனுபவப் பகிர்வு (எழுதியவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில்)

பெரம்பூர்:
ஸ்ட்ரீமிங் பாக்ஸ் (டிவியில் மாட்டி நெட் வழியாகப் படம் பார்க்கும் குட்டிக் கருவி) வந்த கையோடு, இதுவரை டிவியில் மாட்டிப் படம் பார்த்த பழைய பிசியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓடிடிக்கு பாக்ஸ் போதும். 4 டிபி டிஸ்கில் கிடக்கும் படங்களை யார் எடுத்துத் தருவது? பிசியை டிவியிலிருந்து கழற்றி ரவுட்டர் பக்கத்தில் வைத்து ஜெல்லிஃபின் சர்வர் (டிஸ்கில் உள்ள படங்களை வீட்டு நெட்வொர்க் வழியாக பாக்ஸுக்கு அனுப்பும் மென்பொருள்) போடுங்கள். அதற்கு முன்னால் கோடியில் (பணமில்லை, பிசியில் படம் ஓட்டும் மென்பொருள்) செட்டிங்ஸ், மீடியா, லைப்ரரி என்று போய் எக்ஸ்போர்ட் கொடுங்கள். 'தனித்தனி ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதன் பெயரும் விவரமும் எழுதிய ஒரு என்எஃப்ஓ ஃபைல் உட்காரும், ஜெல்லிஃபின் அதைப் படித்துக்கொள்ளும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோம் இல்லையா, இதைத் தவறவிட்டால் தெலுங்கு ரீமேக்கின் போஸ்டர் வந்து நிற்கும்.

திருவான்மியூர்:
பெரம்பூர் சார் சொன்னது சரி, ஆனால் கரண்ட் கணக்கையும் பாருங்கள். 50 வாட் இழுக்கும் பிசி நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத பில்லுக்கு 72 யூனிட். இலவச யூனிட்டில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றிவிடுங்கள். இன்டெல் 7-ம் தலைமுறை முதல் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் 10-பிட் ஹெச்இவிசியை (4கே படங்களில் வழக்கமாக வரும் வீடியோ வகை) சமாளிக்கும். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் பிசியின் அடிப்படை செட்டிங்ஸ்) 'ஏசி பவர் லாஸ்' என்ற இடத்தில் 'பவர் ஆன்' வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் யாராவது எழுந்து போய் பட்டனை அமுக்க வேண்டும்.

பாக்ஸுக்குப் பதில் ஸ்டிக் (டிவியின் ஹெச்டிஎம்ஐ போர்ட்டிலேயே செருகும் குட்டி வகை) வாங்குபவர்கள் டிவியின் யுஎஸ்பி போர்ட்டை நம்பாதீர்கள். யுஎஸ்பி 2.0 தருவது 500 மில்லிஆம்ப், ஸ்டிக் கேட்பது 1 ஆம்ப். லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும். கூடவே வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள். கூட வரும் குட்டி ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயரையும் தூக்கி எறியாதீர்கள். மே மாத வெயிலில் டிவியின் முதுகோடு ஒட்டிக் கிடந்தால் ஸ்டிக் சூடேறித் திணறும். அந்த ஒயரில் தொங்கவிட்டால் கொஞ்சம் காற்றாவது படும்.

மாம்பலம்:
4கே ரிப் (டிஸ்கிலிருந்து ஃபைலாக எடுத்த படம்) நின்று நின்று ஓடினால் முதலில் லேன் ஒயரைச் சந்தேகப்படுங்கள். பல பாக்ஸ்களில் ஈதர்நெட் 100 எம்பிபிஎஸ்தான். ப்ளூரேயிலிருந்து அப்படியே எடுத்த 4கே ஃபைல் சில காட்சிகளில் அதைத் தாண்டும். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே தேவலாம், நடுவில் இரண்டு செங்கல் சுவர் வந்தால் அதுவும் போச்சு.

இன்னொன்று சப்டைட்டில். படமாகப் பதிந்த பிஜிஎஸ் வகையைப் போட்டால், பாக்ஸுக்கு அதைக் காட்டத் தெரியாதபோது, சர்வர் முழுப் படத்தையும் டிரான்ஸ்கோட் செய்யும் (ஓட ஓட வேறு வடிவத்துக்கு மாற்றும்), சிபியு 100 சதவீதத்தில் நிற்கும். வெறும் எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டி வகையை வையுங்கள். தமிழ் எஸ்ஆர்டியில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் ஃபாண்ட் இல்லை என்று அர்த்தம். கொம்பும் கூரையும் முளைத்த ஆங்கில எழுத்து வந்தால் என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) கோளாறு. நோட்பேடில் திறந்து, சேமிக்கும்போது என்கோடிங் பட்டியலில் 'யுடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வேளச்சேரி:
அட்டையில் 8கே என்று போட்டிருக்கும் பெயரில்லாத பாக்ஸை வாங்கும் முன் டிஆர்எம் இன்ஃபோ ஆப்பில் வைட்வைன் (ஓடிடி படங்களுக்கான நகல் தடுப்புப் பூட்டு) எல்1 என்று வருகிறதா பாருங்கள். எல்3 என்றால் ஓடிடியில் மங்கலான எஸ்டி தரம்தான். எல்1 இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸுக்குத் தனிச் சான்று வேண்டும்.

பழைய ஏவி ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) ஹெச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு வசதி இல்லையென்றால் அதன் வழியாக 4கே வராது. பாக்ஸை நேரே டிவியில் மாட்டி, ஒலியை ஏஆர்சி (டிவியிலிருந்து ஹெச்டிஎம்ஐ ஒயரிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு அனுப்புங்கள். ஓடிடியில் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) சுருக்கிய டால்பி டிஜிட்டல் பிளஸில்தான் வருகிறது, அதற்கு ஏஆர்சி போதும். ப்ளூரேயில் வரும் தரம் குறையாத ட்ரூஹெச்டி ஒலி வேண்டுமென்றால்தான் இஏஆர்சி (ஏஆர்சியின் புதிய வடிவம்), அதை அனுப்பத் தெரிந்த பாக்ஸ் எல்லாம் தேவை.

மாம்பலம்:
ஃப்ரேம் ரேட்டை விட்டுவிட்டீர்களே. படம் 24 ஃப்ரேம், பாக்ஸ் அனுப்புவது 60 ஹெர்ட்ஸ், கேமரா மெதுவாகத் திரும்பும்போது வெட்டி வெட்டித் தெரியும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'மேட்ச் ஃப்ரேம் ரேட்' ஆன் செய்யுங்கள். படம் ஆரம்பிக்கும்போது ஒன்றிரண்டு நொடி திரை கறுப்பாகும், டிவி போய்விட்டது என்று வீட்டில் யாரும் பதற வேண்டாம்.