வத்தின கிணத்துல பசங்க குதிக்கிறாங்க, அமீபா வருமா?

காவேரிப்பட்டணத்தான்:
எங்க மாந்தோப்புக் கிணத்துல தண்ணி அடிமட்டத்துக்குப் போயிருச்சு, மேல ஒரே பாசி. லீவு விட்டதுல இருந்து பசங்க பூரா அங்கதான், மோட்டார் திட்டுல இருந்து தலைகீழா டைவ். கேரளாவுல மூளையைத் தின்ற அமீபான்னு டிவியில பார்த்துட்டு எங்கம்மா கிணத்தையே மூடச் சொல்றாங்க. குடிக்கிறதும் அந்தத் தண்ணிதான். பயப்படணுமா?

லேப் அக்கா, தர்மபுரி:
குடிச்சா அந்த அமீபா ஒண்ணும் பண்ணாது தம்பி (பேதி வந்தா அது வேற கதை). நெக்லேரியா ஃபௌலேரின்னு அதுக்குப் பேரு, மூக்குல ஏறினாத்தான் வினை, வாசனை நரம்பைப் பிடிச்சு மூளைக்குப் போயிரும். 46 டிகிரி சூடு வரைக்கும் தாங்கும், நம்ம சித்திரை வெயில் அதுக்குக் கொண்டாட்டம். ரொம்ப அபூர்வமான நோய். ஆனா வந்தா 100ல 97 பேருக்கு மேல பிழைக்கிறதில்ல. 2024ல கோழிக்கோடு மாவட்டத்துல 14 வயசுப் பையன் பிழைச்சான்னா, சீக்கிரமே கண்டுபிடிச்சு மில்டெஃபோசின்ங்கிற மருந்தைக் கொடுத்ததாலதான். குளிச்சு 12 நாளுக்குள்ள காய்ச்சல், மண்டையிடி, வாந்தி, கழுத்து விறைப்புன்னு வந்தா, டாக்டர் கேக்கலைன்னாலும் கிணத்துல குளிச்சதைச் சொல்லிடுங்க. டைவ் வேணாம், அடிச்சேத்தைக் கலக்கவும் வேணாம்.

நம்மூர்ல நான் பயப்படுறது இன்னொண்ணுக்கு: அகந்தமீபா. கண்ணுக்கு வரும். ஸ்லைடுல அதோட கூடு (தன்னைச் சுத்திக் கட்டிக்கிற ஓடு) ரெண்டு சுவரா தெரியும், உள்சுவர் நட்சத்திரம் மாதிரி கோணல்மாணலா இருக்கும்.

பாலக்கோடு தக்காளி:
அக்கா சொல்றது என் வீட்டுக்காரிக்கே வந்துச்சு. கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்களுக்குத்தான் வரும்னு நினைக்காதீங்க. தக்காளிக்குக் குச்சி நடும்போது கண்ணுல மண்ணு தெறிச்சது, வாய்க்கால் தண்ணியிலயே கழுவிட்டா. மெடிக்கல்ல கேட்டு வாங்கின சொட்டு மருந்துல ஸ்டீராய்டாம். சிவப்பு அடங்கிருச்சு, வலி மட்டும் ராத்திரி பூரா உயிரை எடுத்துச்சு. அப்புறம் கருவிழியில வெள்ளையா ஒரு வளையம். கண் ஆஸ்பத்திரியில சுரண்டி டெஸ்ட் பண்ணித்தான் தெரிஞ்சது. ஆரம்பத்துல மணிக்கு ஒரு தடவை சொட்டு, அப்படியே மாசக்கணக்கா ஓடுச்சு. இப்பவும் அந்தக் கண்ணு மங்கல்தான்.

காவேரிப்பட்டணத்தான்:
அடப்பாவமே. கிணத்துல ப்ளீச்சிங் பவுடர் போட்டா ரெண்டும் செத்துருமா அக்கா?

லேப் அக்கா, தர்மபுரி:
நெக்லேரியா சாகும். ஆனா பாசியும் சேறும் இருந்தா குளோரினை அதுங்களே தின்னுடும், தூர் வாரிட்டுப் போடுங்க. அகந்தமீபா கூடு குளோரினுக்கு மசியாது. தோப்புக்குப் போறப்ப காய்ச்சி ஆறின தண்ணி ஒரு பாட்டில் கொண்டு போங்க, கண்ணு கழுவ மட்டும். உறுத்தல் நிக்கலைன்னா மெடிக்கல் பக்கம் போகாம நேரா கண் டாக்டர்கிட்ட.